ஐஸ் ஹவுஸின் பின்கட்டு

காமராஜர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் கடல் பக்கம்தான் பார்ப்பார்கள். இன்று மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புங்கள். ராணி மேரி கல்லூரியைத் தாண்டி வடக்கே வந்தால், வளைந்த தாழ்வாரங்களை அடுக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறதே ஒரு பழைய கட்டடம், அதற்குள்தான் போகப்போகிறோம். வாசல் பலகையில் விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் அந்த வட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்றைக்கும் அது ஐஸ் ஹவுஸ்!

எனக்கு இந்த வீட்டின் மேல் ஒரு பைத்தியமே உண்டு. டிக்கெட் வாங்கி, கண்காட்சிப் படங்களைப் பார்த்து, சுவாமி விவேகானந்தர் தங்கிய மாடி அறையில் கண்ணை மூடிச் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முன்கட்டை மட்டும் பார்த்தவர்கள். அதுவும் பெரிய பாக்கியம்தான். ஆனால் நம் ஊர் வீடுகளில் நிஜக் கதை எப்போதும் பின்கட்டில்தானே நடக்கும்? அடுக்களை அங்கே, கிணற்றடி அங்கே, பெண்கள் மனம்விட்டுப் பேசுவதும் அங்கே. இந்த வீட்டுக்கும் அப்படி ஒரு பின்கட்டுக் கதை இருக்கிறது. 1917 முதல் 1941 வரை, தாலி என்றால் என்ன என்று தெரியும் முன்பே அதை இழந்துவிட்ட சிறுமிகள் இந்தக் கூரையின் கீழ் தங்கினார்கள், படித்தார்கள், டீச்சராகி வெளியே போனார்கள். எனக்குக் கை பரபரப்பது அதற்காகத்தான்.

ஆனாலும் வழியில் ஐஸ் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்காமல் எப்படிப் போவது?

பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், குதிரை பூட்டிய வெட்டுக்கருவியால் பனிப்பரப்பில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்துப் பாளம் பாளமாகப் பெயர்த்தெடுப்பார்கள். மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றினால் அது உலகமெல்லாம் போகும். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு 180 டன். நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, அதில் 100 டன் அளவுக்கு உருகாமல் கரை சேர்ந்தது! வியாபாரம் சூடு பிடித்ததும் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் பனிக்கிடங்கு எழும்பியது. நம் ஊர்க் கிடங்கு 1842இல் கட்டியது. மூன்றில் இன்று மிஞ்சி நிற்பது இது ஒன்றுதான். இப்படிப் பனி வெட்டிய ஒரு குளத்தின் கரையில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ தன் ‘வால்டன்’ புத்தகத்தில், அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்கள் பட்டியலில் சென்னைவாசிகளையும் சேர்த்திருக்கிறார். நம்ப முடிகிறதா?

இன்னொன்று. அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையேறிப் போய்ச் சரக்கை இறக்கி வரும். கடலும் அன்று இந்த வாசலுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. துறைமுகம் வந்த பிறகுதான் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. உச்சி வெயிலில், உப்புக் காற்றில், பாஸ்டன் ஏரியின் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு நம் ஊர்ப் படகோட்டிகள் கரையேறுவதை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது.

1870களில் எந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. காலிக் கிடங்கை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார் என்ற ஹைகோர்ட் வக்கீல். குளிர் வெளியே போகக் கூடாது என்று கட்டிய கட்டடத்தில் ஜன்னல்களைத் திறந்து, வட்டத் தாழ்வாரங்களைச் சேர்த்து வீடாக்கினார். அப்படியும் காற்றோட்டம் போதவில்லையாம். நீதிபதி கெர்னன் மேலிருந்த மதிப்பினால் ‘காசில் கெர்னன்’ என்று பெயர் வைத்தார். ஏழை மாணவர்களுக்கு அங்கேயே தங்க இடமும் கொடுத்தார். அதிகம் பேசப்படாத இந்தச் செய்தியைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடைக்கலம் கொடுக்கும் பழக்கம் இந்த வீட்டுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1897 பிப்ரவரி 6. எழும்பூர் ரயில் நிலையத்தில் விவேகானந்தர் வந்து இறங்கினார். நான்கு வருடம் முன்னால் அவரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டியவர் திருவல்லிக்கேணி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். இப்போது ஊரே திரண்டுவிட்டது! குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியை ஜனங்களே இழுத்து வந்தார்கள். வந்து நின்றது இந்த வாசலில். மறுநாள் விக்டோரியா பப்ளிக் ஹாலில் உள்ளே இருந்த கூட்டத்தைவிட வெளியே கூட்டம் அதிகம். சுவாமிஜி வெளியே வந்து, தேர்த்தட்டில் நின்று கண்ணன் பேசியதைப் போல ஒரு வண்டியில் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். ஆரவாரத்தில் எதுவும் கேட்கவில்லை. சுருக்கமாக முடித்துக்கொண்டார். 15ஆம் தேதி கல்கத்தாவுக்குக் கப்பலேறும் வரை இந்த வீடு திருவிழாக் கோலம்தான்.

போகும் முன் சென்னை அன்பர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: எங்களுக்கென்று ஒரு துறவியை அனுப்ப வேண்டும். உங்கள் ஆசாரக்காரர்களையே மிஞ்சும் ஆசாரக்காரர் ஒருவரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் சுவாமிஜி. மார்ச் மாதமே வந்து சேர்ந்தார் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். தென்னாட்டில் ராமகிருஷ்ண மடத்தின் பணி இந்த வீட்டில்தான் வேர்விட்டது. 1905இல் மயிலாப்பூரில் 7 சிறுவர்களோடு ஆரம்பித்த ராமகிருஷ்ண மாணவர் இல்லத்துக்கு ஊக்கம் தந்தவரும் இவர். ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தரும் அந்த இல்லம் இன்றும் மயிலாப்பூரில் நடக்கிறது.

1902இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் கூறுவது காதில் விழும் தூரத்தில் ஒரு பெஞ்சில் சுவாமி அமைதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அன்பருக்குத்தான் பதைப்பு. யார் வாங்கினால் என்ன, எனக்கு வேண்டியது கொஞ்சம்தானே என்றார் சுவாமி. வீடு கைமாறியது. புறமனையில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து, 1907இல் மயிலாப்பூருக்குப் போனார்.

முன்கட்டு முடிந்தது. வாருங்கள், உள்ளே போவோம்!

விவேகானந்தரை ஊர் இழுத்து வந்த அந்த பிப்ரவரியில், மயிலாப்பூரில் பிறந்த சுப்புலட்சுமி என்ற சிறுமிக்கு வயது 10. பிறந்தது 1886 ஆகஸ்ட் 18. அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. படிப்பில் சுட்டி, ஒன்பது வயதிலேயே செங்கல்பட்டு வட்டாரத்தில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதலாவதாக வந்தவள். வழக்கப்படி சிறுவயதிலேயே கல்யாணம் ஆயிற்று. கொஞ்ச காலத்திலேயே கணவனும் இறந்துபோனான்.

அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் அதற்குப் பிறகு ஒரு பெண் குழந்தைக்கு என்ன காத்திருந்தது என்று உங்கள் வீட்டுப் பாட்டிகளைக் கேளுங்கள். தலையை மழிப்பார்கள். நார்மடி கட்டுவார்கள். வளையல் கிடையாது, பூ கிடையாது, ராத்திரிச் சாப்பாடு கிடையாது. கல்யாணம் காட்சி என்றால் கண்ணில் படாமல் இருட்டு அறையில் இருக்க வேண்டும். நூறு வருடக் கதைதான் இது. நமக்கு மூன்று தலைமுறை தூரம்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் அதைச் செய்ய மறுத்தார்கள். முடியை எடுக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் கூடவே இருந்த சித்தி வாலாம்பாளும் இளம் வயதில் கணவனை இழந்தவர். அந்தச் சித்தியின் துணை சுப்புலட்சுமிக்குப் பெரிய பலம். ஊர் ஏசியது, உறவு விலகியது. கான்வென்ட் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி என்று படித்து, 1911இல் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார் சுப்புலட்சுமி. சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி! இந்த இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டாமல் எழுத முடியவில்லை.

1911லேயே இன்னொன்றும் நடந்தது. ராமேஸ்வர யாத்திரைக்கு வந்த அன்னை சாரதா தேவி சென்னையில் தங்கினார். மறுவருடம் சுப்புலட்சுமியும் நண்பர்களும் ஆரம்பித்த பெண்கள் சங்கத்துக்கு சாரதா என்றே பெயர். அதே 1912இல் எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே விதவைச் சிறுமிகளுக்கான இல்லம் பிறந்தது. முதலில் வந்தவர்கள் 4 பேர்.

இதன் சூத்திரம் எங்கே இருக்கிறது தெரியுமா? எனக்கு மிகவும் பிடித்த பின்கட்டு ரகசியம் இதுதான். அரசாங்கத்துக்குப் பெண் ஆசிரியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பெண் பிள்ளைகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். பெண் டீச்சர் வேண்டும் என்றால் யார் வருவார்? பத்து வயதில் கல்யாணம், பதினைந்தில் பிள்ளை என்று இருந்த நாளில், குடும்பப் பொறுப்பு இல்லாமல் இருந்தவர்கள் விதவைச் சிறுமிகள்தான். வீடு எந்தப் பெண்ணை ‘வேண்டாம்’ என்று மூலையில் உட்கார்த்தியதோ, அந்தப் பெண்ணைத்தான் பள்ளிக்கூடம் ‘வா வா’ என்று தேடிக்கொண்டிருந்தது! இரண்டையும் முடிச்சுப் போட்டவர் சுப்புலட்சுமி. பள்ளி ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி அரசாங்கத்துக்குள்ளிருந்து கைகொடுத்தார்.

பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அதற்குத்தான் அடுக்களை. இல்லத்தில் ஆசாரம் ஒரு நூல் பிசகாது. மடி, விரதம், சமையல் எல்லாம் மயிலாப்பூர் மாமிகள் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி நடக்கும். வீட்டு நிர்வாகம் சித்தி வாலாம்பாளிடம். சித்தி இருக்கிறார் என்றால் எந்த அப்பாவும் மகளை நம்பி விட்டுவிட்டுப் போகலாம். ராமகிருஷ்ணானந்தரை அனுப்பியபோது சுவாமிஜி கையாண்ட அதே உத்தி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசாரத்தின் வாசலை ஆசாரத்தைக் கொண்டே திறப்பது! ஒரே வீட்டின் இரண்டு கதைகளிலும் இந்தச் சாவி கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட குதூகலத்தைச் சொல்லி முடியாது.

பிள்ளைகள் பெருகினார்கள். இடம் போதவில்லை. திருவல்லிக்கேணிப் பக்கம் தேடியபோது கண்ணில் பட்டது, யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஐஸ் ஹவுஸ். 1917இல் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது. விதவைகள் விடுதியாகப் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

இருட்டு அறைகளிலிருந்து கடல் தெரியும் தாழ்வாரத்துக்கு வந்த அந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். எதிரே முழுக் கடல். பக்கத்திலேயே ராணி மேரி கல்லூரி. 1914இல் கேப்பர் ஹவுஸ் என்ற கடற்கரை வீட்டில், டொரதி டி லா ஹே என்ற முதல்வரின் தலைமையில் ஆரம்பித்த, நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி. விடுதியில் படித்த பெண்களுக்குப் பட்டப்படிப்பு கூப்பிடு தூரத்திலேயே வந்துவிட்டது. 1922இல் இந்தச் சாலையிலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. முதல் முதல்வர், வேறு யார், சுப்புலட்சுமி! தங்க ஓர் இடம், படிக்க ஓர் இடம், டீச்சராகப் பழக ஓர் இடம். மூன்றும் ஒரே கடற்கரைச் சாலையில், நடந்து போகிற தூரத்தில். இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்ட மூளையை எப்படிக் கொண்டாடாமல் இருப்பது? பி.ஏ.யில் முதல் வகுப்பு வாங்கியவர் போட்ட கணக்கு அது.

நெஞ்சில் உறுத்துகிற ஒன்றும் இந்த வீட்டில் உண்டு. இந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். கதவைத் திறக்க உதவிய அதே ஆசாரம் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியும் வைத்தது. இதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்றைய விடுதிகள் பலவும் சாதி பார்த்தே நடந்தன. தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூன்று பேர் அடைக்கலம் தேடி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் முன்வரவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் டாக்டர். 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். சாதி கேட்காத வாசல் அது. இன்றும் அடையாற்றில் பெண் குழந்தைகள் அங்கே வளர்கிறார்கள், படிக்கிறார்கள். முத்துலட்சுமியும் சுப்புலட்சுமியும் ஒரே வருடம், 1886இல், இரண்டு மாத இடைவெளிக்குள் பிறந்தவர்கள். ஒருவர் திறக்காமல் விட்ட கதவை மற்றவர் திறந்தார்.

சுப்புலட்சுமியும் அந்த ஒரு விடுதியோடு நின்றுவிடவில்லை. வயது வந்த விதவைகள் எங்கே போவார்கள் என்று யோசித்து 1927இல் சாரதா வித்யாலயம். 1938இல் அதை ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தி.நகரில் அது இன்றும் நடக்கிறது. 1942இல் பள்ளி வயது தாண்டிய பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில், 1954இல், இந்திய மாதர் சங்கம் தாம்பரத்துக்குப் பக்கத்து மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் அமைக்கத் துணைநின்றார். 1956இல் மயிலாப்பூர் மாதர் மன்றத்தின் வழியாக வித்யா மந்திர் பள்ளி. 1958இல் பத்மஸ்ரீ. 1969இல் மறைந்தார். மூச்சு வாங்குகிறதா? எனக்கும்தான்.

வீட்டின் கதை பிறகு வேகமாக ஓடுகிறது. 1941க்குப் பின் ஆசிரியர் பயிற்சி மாணவிகளின் விடுதியாக இருந்தது. 1963இல் சுவாமிஜியின் நூற்றாண்டில் விவேகானந்தர் இல்லம் என்று அரசு பெயர் சூட்டியது. சுவாமிஜி வந்து சரியாக நூறாண்டு கழித்து, 1997இல், ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்தது. ஏல நாளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் மடத்துக்கே வீடு திரும்பி வந்துவிட்டது! பழுதுபார்த்து, கண்காட்சி வைத்து, பொன்போலப் பார்த்துக்கொள்கிறார்கள்.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகும்போது படங்களைப் பார்த்து முடித்ததும் உடனே இறங்கி வந்துவிடாதீர்கள். கடல் பக்கத்துத் தாழ்வாரத்து வளைவில் கொஞ்சம் நில்லுங்கள். சுவர் எவ்வளவு கனம் என்று ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஐஸுக்காக எழுப்பிய சுவர் அது. பிறகு அந்த ஜன்னலோரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள், ஐஸ் கதையைவிட அதிகமாகக் கேள்வி கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. 1920களிலோ 1930களிலோ டீச்சராக இருந்த அத்தைப்பாட்டியோ பெரியபாட்டியோ உங்கள் குடும்பத்தில் உண்டா? வெள்ளைப் புடவையில், நகை இல்லாமல், நேரே கேமராவைப் பார்த்து நிற்கும் குரூப் போட்டோ ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா? பரணிலிருந்து இறக்குங்கள். பின்புறம் திருப்பி ஊர், வருடம், ஸ்டூடியோ பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்து, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் ஐஸ் ஹவுஸில் இருந்து படித்தவர் என்று தெரிந்தால், தயவுசெய்து எனக்கு உடனே எழுதுங்கள். ஓடி வந்து பார்க்கிறேன்!